ராக்ஸ்லாவைத் தேட ஒரு கழித்தல் பேரேடு

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டில் எங்கோ ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் ராக்ஸ்லாவை நான் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுவதற்காக ஒரு சின்னக் கருவி செய்தேன். அதை எப்படிச் செய்தேன், நம்பலாமா என்று எப்படிச் சோதித்தேன், இப்போது வேலை எங்கே நிற்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

எலைட் டேஞ்சரஸ் ஆடாதவர்களுக்காக இரண்டு வரி முன்கதை. டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக எலைட் என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். அந்த விளையாட்டின் பெட்டிக்குள்ளேயே ஒரு குறுநாவலும் வந்தது. அதில்தான் ராக்ஸ்லா என்ற பெயர் முதலில் வருகிறது. வேறு பிரபஞ்சங்களுக்கு வாசலாக இருக்கும் ஏதோ ஒன்று அங்கே இருப்பதாகப் பேச்சு. முப்பது வருஷம் கழித்து, 2014 டிசம்பரில் எலைட் டேஞ்சரஸ் வந்தது. அதில் நம் பால்வெளி மண்டலமே முழு அளவில் இருக்கிறது, 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு. ராக்ஸ்லாவும் அதற்குள் இருக்கிறது என்று உருவாக்கியவர்களே சொன்னார்கள். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. 2018 டிசம்பர் புதுப்பிப்பில் கோடெக்ஸ் என்ற கலைக்களஞ்சியம் சேர்ந்தபோது ராக்ஸ்லாவுக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. ஒரு சின்னம், பூடகமான ஒரு வாழ்த்துப் பாட்டு, அப்புறம் ஒரு தகவல்: ராக்ஸ்லா பற்றிய மிகப் பழைய குறிப்பு 2296-ஆம் ஆண்டு டௌ செட்டியில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கின் நாட்குறிப்பில் இருக்கிறதாம்.

அவ்வளவுதான் துப்பு. 40,000 கோடி மண்டலம் என்றால் எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு போட்டேன். நிமிடத்துக்கு ஒரு மண்டலம், தூங்காமல் கொள்ளாமல் பார்த்தால் ஏழரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். ஆடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து இதுவரை பார்த்தது ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆனால் எனக்கு உறுத்தியது அந்த எண் இல்லை. ராக்ஸ்லா தேடுகிறேன் என்று சொல்கிற யாரிடமாவது, "சரி, இதுவரை எங்கெல்லாம் இல்லை என்று உறுதியாகத் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அந்தப் பாட்டில் வரும் ஒவ்வொரு வரிக்கும் கிரேக்கப் புராணத்தில் பத்து விளக்கம் வைத்திருப்பார்கள். மகளை இழந்த தாய் யார், காதலியைத் தொலைத்தவன் யார் என்று விடிய விடியப் பேசுவார்கள். பிறகு அந்தப் பெயரில் இருக்கிற நட்சத்திரத்துக்குப் பறந்து போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இங்கே ஒன்றும் இல்லை" என்று திரும்பி வருவார்கள். எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று ஒரு வரி எழுதி வைக்க மாட்டார்கள். நான் பகலில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். வவுச்சர் இல்லாத செலவும், எழுதி வைக்காத தேடலும் எனக்கு ஒன்றுதான்.

எனவே பேரேடு.

ஜர்னல் கோப்பு

விளையாட்டே இதற்கு வழி வைத்திருக்கிறது. கணினியில் சேவ்டு கேம்ஸ் என்ற அடைவுக்குள், ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும் அடைவைத் திறந்தால் ஜர்னல் என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக நிற்கும். நீங்கள் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் அதில் ஒரு வரி, ஜேசன் வடிவத்தில். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் எஃப்எஸ்டி ஜம்ப் என்ற வரி விழும். அதற்குள் ஸ்டார்போஸ் என்று மூன்று எண்கள் இருக்கும். அதுதான் முகவரி.

சூரியன் சுழியம், சுழியம், சுழியம். இசட் அச்சு பால்வெளி மையத்தை நோக்கிப் போகிறது. ஒய் அச்சு மேலே, பால்வெளியின் வட துருவத்தை நோக்கி. எண்கள் எல்லாம் ஒளியாண்டில். மையத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற கருந்துளைக்கு 25.21875, −20.90625, 25899.96875 என்று வரும். தசமத்துக்குப் பின்னால் ஏன் இப்படி வால் நீண்டிருக்கிறது என்றால், விளையாட்டு எல்லா இடத்தையும் ஒரு ஒளியாண்டில் 32-இல் ஒரு பங்குக்கு முழுமைப்படுத்தி வைக்கிறது.

கப்பலின் ஸ்கேனரை அழுத்தினால் வரும் வரியில் இந்த மண்டலத்தில் மொத்தம் எத்தனை வான்பொருட்கள், வான்பொருள் அல்லாதவை எத்தனை என்று இரண்டு எண்கள் இருக்கும். எஃப்எஸ்எஸ் என்ற, வான்பொருட்களைத் தேடும் திரையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எல்லாம் முடிந்ததும் 'அனைத்தும் கண்டறியப்பட்டன' என்ற பொருளில் தனி வரி ஒன்று விழும். நிலையங்கள், கப்பல்கள், அடையாளம் தெரியாத சிக்னல்கள் எல்லாம் தனித்தனி வரிகள்.

பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். புதிதாக விழும் வரியைப் படிக்கும், வேண்டியதை மட்டும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் போடும், மற்றதைத் தள்ளிவிடும். நூறு வரிக்குள் முடிகிற வேலைதான், கோடு எழுதத் தெரிந்தவர்கள் ஒரு மாலையில் செய்துவிடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜர்னலில் இருக்கும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை நாலு மணிக்கு ஆடியதெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும்.

மண்டலத்துக்கு மண்டலம் நான் வைத்திருக்கும் நிலைகள் மூன்று. வெறுமனே கடந்து போனது. ஸ்கேனர் அடித்து எண்ணிக்கை மட்டும் தெரிந்தது. எல்லா வான்பொருளும் அடையாளம் கண்டது. மூன்றாவது நிலைக்கு வந்தால்தான் 'பார்த்தாயிற்று' என்று டிக் போடலாம் என்று முதலில் வைத்திருந்தேன். அந்த விதி சரிதானா என்று பார்க்க, ஒளிந்திருக்கும் இடம் எது என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தேடிப் பார்ப்பது நல்லது என்று பட்டது.

வாயேஜரில் ஒரு ஒத்திகை

1977-இல் பூமியிலிருந்து கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இந்த விளையாட்டிலும் சூரிய மண்டலத்தின் எல்லைக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே நுழையவே ஃபெடரேஷன் கடற்படையில் பெட்டி ஆபீசர் பதவி வாங்கி, சூரிய மண்டலத்துக்கான அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். நம் சொந்த ஊருக்குள் போக நாமே பாஸ் வாங்குவது ஒரு கொடுமை.

கிளம்புவதற்கு முன்னால் தாளில் ஒரு கணக்கு. வாயேஜர் 1 நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. வருஷத்துக்கு அது 3.57 வானியல் அலகு (ஓர் அலகு என்றால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). விளையாட்டின் காலம் நம்முடையதைவிட 1286 வருஷம் முன்னால் ஓடுகிறது, 2014 அங்கே 3300. விளையாட்டு தொடங்கிய அந்த 3300 வரை கணக்கிட்டால், கிளம்பியதிலிருந்து 1323 வருஷம். பெருக்கினால் 4,720 அலகு வருகிறது. சூரிய ஒளி ஒரு அலகைக் கடக்க 499 நொடி எடுக்கும் என்பதால், ஏறத்தாழ 23½ லட்சம் ஒளிநொடி.

திசையை நேவிகேஷன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டேன். தூரத்தை மட்டும் தாளால் மறைத்து வைத்தேன், உண்மையிலேயே திரையின் அந்த மூலையில் ஒரு ஒட்டுத்தாள். ஒரு மண்டலத்துக்குள் பறக்கும் சூப்பர்க்ரூஸ் முறையில் ஒளியைப் போல 2001 மடங்குதான் உச்ச வேகம். அதே வேகத்தில் ஆரம்பம் முதல் போனால்கூட இருபது நிமிடம் ஆகும், ஆனால் அந்த வேகத்தை எட்டவே கப்பல் முக்கி முனகும். 2024-இல் வந்த எஸ்சிஓ எஞ்சின் இருந்தால் விறுவிறுவென்று போகலாம், அதை வாங்க அப்போது என்னிடம் காசில்லை. அடுப்பில் பால் வைத்து, காபி போட்டு, குடித்து முடித்து வந்தேன். ஆல்ஃபா சென்டாரியில் இருக்கும் ஹட்டன் ஆர்பிட்டல் நிலையத்துக்கு இதைவிட மூன்று மடங்கு தூரம். அங்கே போனால் அனகோண்டா கப்பல் இலவசம் என்று புதிதாகச் சேர்கிறவர்களைக் கிளப்பிவிடுவது பழைய ஆட்டக்காரர்களின் விளையாட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்து போனவர்களுக்கு அங்கே கிடைப்பது காசு கொடுத்து வாங்க ஒரு காபி மக்.

ஒட்டுத்தாளை எடுத்தபோது 23 லட்சத்துச் சொச்சம் என்றுதான் இருந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் நிஜ வேகத்தை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததில் ஒரு திருப்தி. (நிஜ வாயேஜரில் போயிருக்கும் தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கோபம் வரும், நாசாவுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.)

இதில் பேரேட்டுக்கு வேண்டிய விஷயம் ஒன்று கிடைத்தது. வாயேஜர் வான்பொருள் எண்ணிக்கையில் சேராது. சூரிய மண்டலத்தில் எல்லாக் கோளையும் நிலாவையும் அடையாளம் கண்டு என் அட்டவணையில் மூன்றாவது நிலை டிக் விழுந்த பிறகும், வாயேஜர் போன்ற ஒரு பொருள் அங்கே இருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்த டிக் சாட்சி ஆகாது. ராக்ஸ்லா கோளா, நிலாவா, மனிதன் கட்டாத ஏதோ ஒரு பொருளா என்பதே யாருக்கும் தெரியாது. அதனால் டிக்கை இரண்டாகப் பிரித்தேன். கோளாக இருந்தால் இங்கே இல்லை, இது ஒன்று. கோள் அல்லாததாக இருந்தாலும் இங்கே இல்லை, இது இன்னொன்று. இரண்டாவது டிக் ரொம்பக் கடினம். என் அட்டவணையில் அந்தப் பத்தி இன்னும் பெரும்பாலும் காலிதான், அதை நிரப்பியதாக யாராவது சொன்னால் நான் நம்பவும் மாட்டேன்.

தம்பி ஒளித்து வைத்த இடம்

பெரம்பூரில் இருக்கும் சித்தி பையனும் இதை ஆடுகிறான். என் பேரேட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது தேடுற மாதிரி இல்ல, இன்கம்டாக்ஸ் ரெய்டு மாதிரி இருக்கு" என்றான். நான் ஓர் இடத்தில் கப்பலை நிறுத்தி ஒரே ஒரு படம் அனுப்புகிறேன், அதை வைத்து நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடி, தோற்றால் பிரியாணி என்று பந்தயம் கட்டினான்.

கேட்க விளையாட்டாக இருந்தாலும் இது சோதித்துப் பார்த்த வழி. 2016 அக்டோபரில் கார்டியன் என்ற அழிந்துபோன இனத்தின் இடிபாடுகள் முதன்முதலாக அகப்பட்டதும், விளம்பரக் காணொளியில் பின்னால் தெரிந்த வானத்தைத் துப்பாக வைத்துத்தான். அந்த மண்டலத்தின் பெயர் சினுவேஃப் எக்ஸ்ஆர்-எச் டி11-102. பார்க்கக் கிறுக்கலாக இருக்கும், ஆனால் அதுவும் ஒரு முகவரிதான். முதல் சொல் 1280 ஒளியாண்டு பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் பெயர். அதை மேலும் மேலும் பாதியாக வெட்டிக்கொண்டே போகிறார்கள். சின்ன எழுத்தில் வரும் ஏ என்றால் 10 ஒளியாண்டுக் கட்டம், பி 20, சி 40, டி 80 என்று இரட்டித்துக்கொண்டே போய் எச் என்றால் முழு 1280. கடைசி எண் அந்தக் கட்டத்துக்குள் வரிசை எண். பெயரின் முன்பாதி மட்டும் ஒரு படத்தில் தெரிந்தால்கூட, எந்த 80 ஒளியாண்டுக் கட்டத்துக்குள் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். தம்பிக்கும் இது தெரியும். பெயர் எதுவும் தெரியாமல், காக்பிட் கண்ணாடி வழியே வானம் மட்டும் தெரியும்படி எடுத்து அனுப்பினான்.

முதலில் அனுப்பியது அரட்டைச் செயலியில் போட்ட படம். அது சுருங்கி வந்து சேர்ந்திருந்தது, மங்கலான நட்சத்திரம் எல்லாம் காணாமல் போயிருந்தன. எஃப்10 அழுத்தினால் விளையாட்டு சேமிக்கும் பிஎம்பி கோப்பை அப்படியே டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். ஜர்னலில் அந்தப் படத்துக்கென்றே ஒரு வரி இருக்கும், மண்டலத்தின் பெயரோடு. அதைக் காட்டச் சொல்லிக் கெஞ்சவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

படத்தில் இருக்கும் பிக்சலைக் கோணமாக மாற்ற வேண்டும். அதற்கு என் கப்பலைச் சூரியனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தம்பி வைத்திருக்கும் அதே பார்வைக்கோண அமைப்பை வைத்து, ஓரியனைத் திரையின் நடுவில் கொண்டுவந்து ஒரு படம் எடுத்தேன். மார்கழி மாலையில் நம்ம ஊர் மொட்டைமாடியிலிருந்து கிழக்கே பார்த்தால் எழுந்து வருமே, அதே ஓரியன்தான். சென்னை வெளிச்சத்தில் பால்வெளி தெரியாது, அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். ஆனால் திருவாதிரையும் ரைஜெலும் நங்கநல்லூர் வானத்திலேயே பளிச்சென்று தெரியும். இந்த இரண்டுக்கும் இடையே 18.6 பாகை. என் படத்தில் இரண்டும் மையத்துக்குச் சம தூரத்தில் இருக்கும்படி வைத்து அளந்ததில் 306 பிக்சல் வந்தது. 9.3 பாகையின் டேன்ஜென்ட் 0.1638, அதை இரட்டித்து 306-ஐ வகுத்தால் 934. இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் படத்தில் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் உள்ள கோணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பிக்சல் பிசகினால் 0.06 பாகை. 500 ஒளியாண்டு தூரத்து நட்சத்திரத்தில் அது அரை ஒளியாண்டு. போதும்.

இனி தம்பியின் படம். இடப்பக்கம் சிவந்த வில்லாக பார்னார்ட் வளையம் என்ற வாயு மேகம். நடுவில் ஓரியனின் பிரகாசமான நட்சத்திரங்கள், கொஞ்சம் கோணிப்போய். வலப்பக்கம் நீல நிறப் புகை. நீலப் புகை என்றால் கார்த்திகைக் கூட்டம், ஆடுகிறவர்கள் ப்ளையடீஸ் என்பார்கள். பூமியிலிருந்து பார்த்தால் அந்தக் கூட்டத்தின் அகலம் இரண்டு பாகைக்குள் இருக்கும். படத்தில் குறுக்குவாட்டில் நாலு மடங்கு. அப்படியானால் தூரம் நாலில் ஒரு பங்கு, கூட்டத்திலிருந்து நூறு ஒளியாண்டுக்குள் எங்கோ நிற்கிறான்.

இதுவரை வந்ததற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த கட்டம்தான் இழுத்தது. ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது எளிது. ஓர் இடத்தை ஊகித்துக்கொள், அங்கிருந்து பார்த்தால் இந்த நட்சத்திரங்களுக்கு நடுவே என்னென்ன கோணம் வரும் என்று கணக்கிடு, படத்தில் அளந்த கோணங்களோடு ஒப்பிடு, வித்தியாசம் குறைகிற பக்கம் நகர். நாலு அடையாளம் இருந்தால் ஆறு கோணங்கள் கிடைக்கும். 10 ஒளியாண்டு இடைவெளியில் கட்டம் போட்டு ஓடவிட்டேன். கார்த்திகையை ஒரே புள்ளியாக வைத்தபோது எந்த இடத்திலும் பொருந்தவில்லை. நல்ல பொருத்தம் என்று காட்டிய இடத்திலேயே இரண்டு பாகைக்கு மேல் உதைத்தது. மே மாதப் புழுக்கம், மின்விசிறியும் கணினியும் போட்டி போட்டுக்கொண்டு இரைந்தன, நடுவில் கரண்டும் ஒரு தடவை போய் யுபிஎஸ் கத்தியது.

படத்தைப் பெரிதாக்கி நீலப் புகைக்குள் பார்த்தேன். கார்த்திகை என்றால் கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி அறுமீனும் நெருங்கி நிற்க வேண்டும். இங்கே அவை கலைந்து ஒரு பக்கமாக நீண்டு கிடந்தன. கேலக்ஸி வரைபடத்தைத் திறந்து ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடத்தையும் எடுத்தேன். மாயா −81.78, −149.44, −343.38. சூரியனிலிருந்து தூரம் கணக்கிட்டால் 383 ஒளியாண்டு. மெரோப்பி 380. எலெக்ட்ரா 405 பக்கம்.

இந்த எண்களை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. 1989-இல் ஐரோப்பியர்கள் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் நட்சத்திரங்களின் இடமாறு கோணத்தை, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது அவை இடம் மாறித் தெரியும் அளவை, அளந்தது. மாயாவுக்கு அந்த அளவீடு 8.51 மில்லி வில்நொடி. அதைத் தூரமாக மாற்றினால் 383. விளையாட்டு ஹிப்பார்கோஸ் எண்ணை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. ஹிப்பார்கோஸ் கார்த்திகைக் கூட்டத்தை 390 ஒளியாண்டுப் பக்கம் வைத்தது வானியலாளர்களிடையே பெரிய சர்ச்சை. 2013-இல் போன கையா செயற்கைக்கோள் அளந்ததில் 440-ஐத் தாண்டிவிட்டது. அதாவது எலைட் உலகத்தில் கார்த்திகை நிஜத்தைவிட ஐம்பது அறுபது ஒளியாண்டு நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அது மட்டும் இல்லை. இடமாறு கோணத்தில் வரும் பிழை நட்சத்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாது, நம்மிடமிருந்து போகும் கோட்டில் முன்னும் பின்னும்தான் தள்ளும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மூன்று சதவீதம் பிழை என்றால் 400 ஒளியாண்டில் அது 12 ஒளியாண்டு. நிஜத்தில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கும் அறுமீன் எலைட்டில் சூரியனை நோக்கி இழுத்த ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டுவிட்டது. சூரியனிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். தம்பி போய் நின்றது பக்கவாட்டில்.

இதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்த நீளவாட்டமே ஒரு திசைகாட்டி. அது சூரியன் இருக்கும் கோட்டைக் காட்டுகிறது. கார்த்திகையை ஒரு புள்ளியாக வைக்காமல் ஆறு தனித்தனி நட்சத்திரமாக வைத்தேன். எது மாயா, எது எலெக்ட்ரா என்று படத்தில் எழுதியிருக்காது. ஆறு நட்சத்திரத்துக்கு 720 வரிசைகள்தானே, எல்லாவற்றையும் போட்டுப் பார் என்று ஸ்கிரிப்ட்டிடம் விட்டேன். இந்த முறை ஒரே ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது: எக்ஸ் −150, ஒய் −120, இசட் −300 பக்கம். வித்தியாசம் கால் பாகைக்குக் கீழே இறங்கியிருந்தது. மாயாவிலிருந்து அந்த இடம் 86 ஒளியாண்டு. முதலில் அகலத்தை வைத்துச் சொன்ன நூறுக்குள் என்ற ஊகமும் சரியாக உட்கார்ந்தது.

சுற்றிலும் சில ஒளியாண்டுக்குள் இருந்த மண்டலங்களை வரைபடத்தில் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிற வெளிச்சம் விழுந்திருந்ததால் கே வகை நட்சத்திரம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன், கொஞ்சம்தான் மிஞ்சின. போய்ப் பார்த்ததில், வளையம் போட்ட ஒரு வாயுக்கோளுக்குப் பக்கத்தில் நின்று கப்பலைத் திருப்பியபோது, தம்பியின் படமும் என் திரையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாற்போல் பொருந்தின. அதே படத்தை எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

"அக்கா, சத்தியமா சொல்லு, என் ஜர்னல யாராச்சும் குடுத்தாங்களா?"

பிரியாணி வந்தது. இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அதே படத்தை வைத்து இன்னும் சிலரிடம் பந்தயம் கட்டியிருக்கிறான்.

டௌ செட்டியைச் சுற்றி

ராக்ஸ்லாவுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் வானம் தெரியும் ஒரு படம்கூட இல்லை. கோடெக்ஸில் இருக்கும் சின்னத்தைத் திருப்பித் திருப்பி வைத்து வரைபடம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை எந்தப் பக்கம் வைத்தாலும் ஏதாவது நட்சத்திரக் கூட்டத்தோடு பொருந்தும், அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாட்டும் அப்படித்தான். எது வந்தாலும் பொய்யாகாத ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு பேரேட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது.

பிடித்துக்கொள்ள முடிகிற துப்பு ஒன்றுதான்: 2296, டௌ செட்டி. அந்தக் காலத்து மெக்கானிக்கின் காதுக்கே பேர் வந்து சேர்ந்திருக்கிறது என்றால், இடம் ரொம்பத் தூரத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் இதைச் சோதிக்கலாம். டௌ செட்டியை மையமாக வைத்து ஒரு கோளம் வரைந்துகொண்டு உள்ளேயிருந்து வெளியே போகலாம்.

டௌ செட்டி பால்வெளி நெட்டாங்கில் 173.1 பாகை, அகலாங்கில் −73.4 பாகை, தூரம் 11.9 ஒளியாண்டு. நமக்கு நேர் கீழே இருக்கிறது என்றே சொல்லலாம். கணக்குப் போட்டால் எக்ஸ் −0.4, ஒய் −11.4, இசட் −3.4. சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் 20 ஒளியாண்டு ஆரத்துக்கு ஏறத்தாழ நூறு மண்டலம் அடங்கும். ஆரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு, மறுபடி இரட்டித்தால் அறுபத்து நாலு மடங்கு. எங்கே நிறுத்துவது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை நிற்காது. நான் 40-இல் நிறுத்தப் போகிறேன்.

முதல் 20 ஒளியாண்டுக்குள் கோள்கள் பத்தி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இந்தப் பகுதியெல்லாம் மனிதர்கள் குடியேறி, லட்சம் பேர் வந்துபோகிற இடங்கள். எண்ணிக்கையில் வராத ஒரு நிலா இங்கே ஒளிந்திருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது பத்தியில், அதாவது சிக்னல்கள் பக்கம், ஸ்கிரிப்ட் தனியாக எடுத்து வைத்திருக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரே மண்டலத்துக்கு வேறு வேறு நாளில் போனபோது ஒருமுறை வந்து மறுமுறை வராத பெயர்கள். பெரும்பாலானவை சும்மா வந்துபோகும் கப்பல் சிக்னல்கள். அவற்றை வடிகட்டும் விதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பூட்டிய கதவுகள் வேறு இருக்கின்றன. துருவ நட்சத்திரமான போலாரிஸுக்கு அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது என்றே யாருக்கும் தெரியாது, நல்லவேளை அது என் கோளத்துக்கு வெகு தூரத்தில். ஆனால் சிரியஸ் டௌ செட்டியிலிருந்து 12 ஒளியாண்டுதான். அதற்கும் சீட்டு வேண்டும், சிரியஸ் கார்ப்பரேஷன் என்ற அமைப்பின் நம்பிக்கையைப் பெற்றால் தருவார்கள். வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் என் அட்டவணையில் காலிக் கட்டமாக நிற்பது சகிக்கவில்லை. அதனால் தேடல் கப்பலை நிறுத்திவிட்டு, இப்போதைக்கு ஒரு டைப் 6 சரக்குக் கப்பலில் அவர்களுக்கு மருந்துப் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். தம்பியும் ஒரு கப்பலோடு கூட வருகிறான், லாபத்தில் பாதி அவனுக்கு.